ஃபென்டனின் இரு படங்களில் எது முந்தியது?

ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் ஒரே பாதையை இருமுறை படமெடுத்தார்; ஒன்றில் பாதை நெடுகப் பீரங்கிக் குண்டுகள் கிடக்கின்றன, மற்றதில் பாதை வெறுமையாக இருக்கிறது. பாதையில் குண்டுகள் இல்லாத படமே முதலில் எடுக்கப்பட்டது. குண்டுகள் உள்ள படமே முந்தியது என்று நீங்கள் ஊகித்த வரிசை தலைகீழானது.

1855-இல் கிரிமியப் போர்க்களத்தில் ரோஜர் ஃபென்டன் எடுத்த 'மரண இருளின் பள்ளத்தாக்கு' படங்கள் இரண்டிலும் கேமரா ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதால், அவற்றை அருகருகே வைத்து ஒப்பிட முடிகிறது. குண்டுகள் நிறைந்த காட்சியே இயல்பானது, பிறகு யாரோ பாதையைத் துப்புரவாக்கினார்கள் என்று நீங்கள் எண்ணியதே குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

குண்டுகளை விட்டுவிட்டு, சரிவிலுள்ள சிறு கற்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடையாளம் காணத்தக்க சில கற்கள், குண்டுகள் பாதையில் கிடக்கும் படத்தில் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். ஆட்கள் சரிவில் நடமாடும்போது காலில் இடறிய கல் கீழ்நோக்கித்தான் உருளும், தானாக மேலேறாது. இப்படங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் எரோல் மோரிஸின் ஆய்விலும் விடை இப்படித்தான் கிடைத்தது. நிழல்களை நம்பிக் கணக்கிடுவது கவர்ச்சியானது என்றாலும், இங்கே அது அவ்வளவாக உதவாது.

ஆனால் இச்சான்று வரிசையை மட்டுமே நிறுவுகிறது. குண்டுகளைப் பாதைக்குக் கொண்டுவந்தவர் ஃபென்டனா, அவற்றைப் பொறுக்க வந்த படைவீரர்களா என்பதைக் கற்கள் சொல்லமாட்டா. ஆகவே 'போலிப் படம்' என்று எழுதிவிடாதீர்கள்.