காய்ச்சலோடும் கொளுத்தும் வெயிலிலும் கால்பந்து வீரர்கள் எப்படி ஆடுகிறார்கள்? அது மன உறுதியா? நாமும் அப்படி ஆடலாமா?

மன உறுதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் “என்னால் ஆட முடியும்” என்று வீரர் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி அவரைக் களத்தில் இறக்கும் வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். ஒரு கிளப்பின் மருத்துவக் குழுவில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உடம்பின் கணக்கு. ஓடும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதியெல்லாம் வெப்பம். ஒரு நடுக்கள வீரர் 90 நிமிடங்களில் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார். மிதமான வானிலையிலேயே அவருடைய உட்புற வெப்பநிலை 39 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். அந்தச் சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்குப் பாய வேண்டும், வியர்க்க வேண்டும், அந்த வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக வழிந்தால் உடல் தண்ணீரை இழக்குமே தவிரக் குளிராது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் நடப்பது இதுதான். இதற்கிடையே கால்களும் இரத்தம் கேட்கின்றன, தோலும் கேட்கிறது. வியர்த்து வியர்த்து இரத்தத்தின் அளவே குறைந்துகொண்டிருக்க, இதயம் இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுக்கத் திணறுகிறது.

காய்ச்சல் வந்தவருக்கு நிலைமை இன்னும் மோசம். மற்றவர்கள் 37 டிகிரியில் தொடங்கும் ஆட்டத்தை அவர் 38.5இல் தொடங்குகிறார். வயிற்றுப்போக்கும் சேர்ந்துவிட்டால், விசில் ஊதும் முன்பே உடலில் தண்ணீரும் உப்பும் குறைந்திருக்கும். உட்புற வெப்பநிலை 40ஐத் தாண்டி, பேச்சு குழறி, எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்பதே புரியாத நிலை வந்தால் அது வெப்பத்தாக்கு. அப்போது செய்ய வேண்டியதை எங்கள் தொழிலில் மனப்பாடமாக வைத்திருப்போம்: முதலில் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குளிர்விக்க வேண்டும், அதன் பிறகுதான் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்து வீணாக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

ஒரு பிற்பகல் ஆட்டத்துக்கு முன் இடது புறத் தற்காப்பு வீரர் ஒருவர் சிகிச்சை மேசைக்கு வந்து உட்கார்ந்தார். “லேசான தலைவலிதான் அண்ணா, இரண்டு பாராசிட்டமால் கொடுங்கள், போதும்” என்றார். அந்த வெயிலில் பயிற்சிச் சட்டைக்கு மேல் ஒரு ஜாக்கெட்டும் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்திருந்தார். கணுக்காலுக்குக் கட்டுப் போடத் தொட்டபோது முழங்கால் வரை மயிர்க்கூச்செறிந்திருந்ததைப் பார்த்தேன். தெர்மாமீட்டர் 38.6 காட்டியது. அவருடைய ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது என்பதும், அவர் இடத்துக்கு ஓர் இளைஞர் காத்திருக்கிறார் என்பதும் அறையில் எல்லோருக்கும் தெரியும். “டாக்டரிடம் சொல்லாதீர்கள்” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னேன். டாக்டர் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார். அதன் பிறகு கொஞ்ச காலம் அவர் என்னோடு பேசவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இங்கே மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. பாராசிட்டமால் தெர்மாமீட்டரில் தெரியும் எண்ணைக் குறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. வைரஸ் காய்ச்சல்களில் சில இதயத் தசையையும் தாக்கும். அந்த நேரத்தில் இதயத்தை உச்ச வேகத்தில் ஓடவிட்டால் அழற்சி முற்றலாம், துடிப்பின் தாளம் தவறலாம், அரிதாக உயிரே போகலாம். வலி மாத்திரைகளில் வேறு சில, உடலில் தண்ணீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பவை. உடை மாற்றும் அறைகளில் இவற்றை மிட்டாய் போல வாங்கிப் போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வரலாற்றிலிருந்து ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். 1954 உலகக் கோப்பைக் காலிறுதி, லொசான் நகரம், ஜூன் 26. ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் ஏறத்தாழ 40 டிகிரி வெயிலில் மோதின. ஆஸ்திரியாவின் கோல்கீப்பர் கர்ட் ஷ்மீட் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வெப்பத்தாக்குக்கு ஆளானார். இருபது நிமிடம் முடிவதற்குள் சுவிஸ் அணி 3–0 என முன்னிலை பெற்றுவிட்டது. அன்றைய விதிப்படி மாற்று வீரரே கிடையாது; உலகக் கோப்பையில் அந்த வசதி 1970இல்தான் வந்தது. ஆகவே அணியின் மசாஜ் செய்பவர் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று ஷ்மீடுக்குச் சொல்லிக்கொடுத்து ஆட்டத்தை ஓட்டினார். எதிரணித் தலைவர் ரோஜர் போக்கேயின் உடலிலோ ஒரு கட்டி இருந்தது. ஆட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியும் ஆடினார். ஆஸ்திரியா 7–5 என்று வென்றது. ஓர் உலகக் கோப்பை ஆட்டத்தில் விழுந்த அதிகபட்ச கோல்கள் இன்றும் அந்தப் பன்னிரண்டுதான். சாதனைப் பட்டியலில் அதைப் படிப்பவர்கள் வியக்கிறார்கள். தன் கோல் எங்கே இருக்கிறது என்று தடுமாறிய ஒரு மனிதரை ஒன்றரை மணி நேரம் வெயிலில் நிற்கவைத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அரையிறுதியில் ஷ்மீட் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக வால்டர் சேமன் நின்றார்.

அன்று விதி இல்லை என்றாவது சொல்லலாம். 1998 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசிலும் பிரான்ஸும் மோதியபோது மாற்று வீரர்கள் இருந்தார்கள், மருத்துவர் இருந்தார், மருத்துவமனைப் பரிசோதனையும் நடந்திருந்தது. ஜூலை 12 பிற்பகல் ஹோட்டல் அறையில் பிரேசிலின் ரொனால்டோவுக்கு வலிப்பு வந்தது. முதலில் நடுவரிடம் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை, எட்மண்டோவின் பெயர் இருந்தது. பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் மைதானத்துக்கு வந்து, ஆடுகிறேன் என்றார் ரொனால்டோ. பட்டியல் மாறியது. பிரான்ஸ் 3–0 என்று வென்றது. ரொனால்டோ களத்தில் நிழலாகத் திரிந்தார். விவகாரம் பிரேசில் நாடாளுமன்ற விசாரணைக் குழு வரை போனது. உலகின் தலைசிறந்த வீரர், 21 வயது, உலகக் கோப்பை இறுதி ஆட்டம்: அந்த இடத்தில் யார்தான் “இன்று நான் ஆடவில்லை” என்பார்? கேட்கக் கூடாத ஆளிடம் கேள்வி கேட்டார்கள். காய்ச்சலும் வெப்பமும் வலிப்பும் மனிதரின் நிதானத்தைத்தான் முதலில் கெடுக்கும். அந்த நிதானத்தை நம்பியே முடிவெடுக்கச் சொல்வது கொடுமை.

கிளப்புகளையும் விதிகளே நெருக்குகின்றன. 1996 டிசம்பரில் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ அணியில் 23 பேர் நோயாலும் காயத்தாலும் படுத்துவிட, பிளாக்பர்ன் ஆட்டத்துக்கு அந்த அணி போகவில்லை. மூன்று புள்ளிகளைப் பறித்தார்கள். பருவ முடிவில் 39 புள்ளிகளோடு கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அந்த மூன்றும் இருந்திருந்தால் தப்பியிருக்கும். பத்தாண்டு கழித்து, 2006 மே 7இல், டோட்டன்ஹாம் வீரர்கள் பலர் இரவெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு விடிந்தார்கள். நான்காம் இடத்தைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம். தள்ளிவைக்கக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஆடி, வெஸ்ட் ஹாமிடம் 2–1 எனத் தோற்றார்கள். நான்காம் இடம் ஆர்சனலுக்குப் போனது. முதல் நாள் சாப்பிட்ட லசானியாவின் மீது எல்லோரும் பழி போட்டார்கள், பரிசோதனையில் அது நோரோ வைரஸ் என்று தெரிந்தது. ஆட மறுத்தால் என்ன ஆகும் என்பதை மிடில்ஸ்பரோ ஏற்கெனவே காட்டியிருந்ததால் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இன்னொரு ஆபத்து, என்ன நோய் என்றே தெரியாமல் ஆடுவது. 2010இல் செல்சியின் டிடியே ட்ரோக்பா வாரக்கணக்கில் காய்ச்சலும் சோர்வுமாகவே ஆடிவந்தார். நவம்பரில் லிவர்பூலோடு நடந்த ஆட்டத்திலும் மாற்று வீரராக இறங்கினார். மறுநாள்தான் அது மலேரியா என்று செய்தி வந்தது.

வெயிலுக்கு வருகிறேன். இதை வானிலையின் குற்றம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை, பெரும்பாலும் இது கடிகாரத்தின் குற்றம். உலகக் கோப்பை நடந்த 1970, 1986 ஆண்டுகளில் மெக்சிகோவிலும், 1994இல் அமெரிக்காவிலும் ஐரோப்பியத் தொலைக்காட்சி நேரத்துக்கு ஏற்ப உச்சிவெயிலில் ஆட்டங்களை வைத்தார்கள். 1986இல் அர்ஜென்டினா வீரர்கள் மரடோனாவும் வால்டானோவும் வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1994இல் ஆர்லாண்டோவில் மெக்சிகோவோடு ஆடிய அயர்லாந்து வீரர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கே பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன் அதிகாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் அபராதமும் தடையும் அவருக்குத்தான் கிடைத்தன.

மாற்றம் வந்த விதம் கவனிக்கத்தக்கது. 2014 உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோதே பிரேசிலின் தொழிலாளர் நீதிமன்றம் ஒன்று, வெப்ப அளவு 32ஐத் தாண்டினால் இடையில் குளிர்விப்பு இடைவேளை விடவேண்டும் என்று உத்தரவிட்டது. வீரர்களும் தொழிலாளர்களே என்பதை ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது! ஜூன் 29இல் ஃபோர்தலேசாவில் நெதர்லாந்து–மெக்சிகோ ஆட்டம் அத்தகைய இடைவேளைகளோடு நடந்தது.

அந்த 32 என்பது சாதாரண தெர்மாமீட்டர் காட்டும் எண் அல்ல. ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவதில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கருப்பு உருண்டைக்குள் இருக்கும் தெர்மாமீட்டர் காட்டுவதில் 20 சதவீதம், காற்றின் வெப்பநிலையில் 10 சதவீதம் எனச் சேர்த்துக் கணக்கிடுவது. ஈரப்பதத்துக்கு இதில் எவ்வளவு எடை என்று பாருங்கள். இந்தக் கணக்கில் 32 என்பது மிகக் கடுமையான நாள். வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ, 26இலேயே இடைவேளை விட வேண்டும், 28ஐத் தாண்டினால் ஆட்டத்தையே தள்ளிவைக்க வேண்டும் என்கிறது. நான் சங்கத்தின் பக்கம்.

2025 கிளப் உலகக் கோப்பையில் ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்டின் மாற்று வீரர்கள் முதல் பாதியை உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் உட்காரவே முடியாத வெயில். தலை சுற்றித் தரையில் சாய வேண்டியிருந்தது என்று செல்சியின் என்சோ ஃபெர்னாண்டஸ் சொன்னார். 2026 உலகக் கோப்பையில் எந்த வானிலையானாலும் ஒவ்வொரு பாதியிலும் 3 நிமிட இடைவேளை உண்டு என்று 2025 டிசம்பரில் ஃபிஃபா அறிவித்தது. நல்ல முடிவு. ஆனாலும் அந்த மூன்று நிமிடத்தை மிகைப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த துண்டை ஒருவர் கழுத்தில் போடுகிறோம், அவர் பாட்டிலைப் பாதி குடித்துப் பாதியைத் தலையில் ஊற்றிக்கொள்கிறார், அதற்குள் பயிற்சியாளர் பலகையைக் காட்டி யாரை எங்கே நகர்த்துவது என்று பேசத் தொடங்கிவிடுகிறார். தோல் குளிர்கிறது, வீரருக்குத் தெம்பாக இருக்கிறது. உள்ளே ஏறிய சூடு பெரிதாக இறங்குவதில்லை.

பிறகு எப்படித்தான் தாக்குப்பிடிக்கிறார்கள்? உடல் பழகுவதற்கு இரண்டு வாரம் போல ஆகும். பழகியவருக்கு வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறைவாக இருக்கும், இரத்தத்தின் நீரளவும் கூடும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த எடைக்கு ஏற்ப உப்பு கலந்த நீர் கொடுப்போம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, குறைவாக ஓடுவது. 2014 உலகக் கோப்பை ஆட்டங்களை ஆராய்ந்தபோது, வெப்பம் மிகுந்த நாட்களில் அதிவேக ஓட்டங்கள் குறைந்ததும், பந்து கடத்துவதில் துல்லியம் கூடியதும் தெரியவந்தன. அனுபவசாலிகள் பந்தை ஓடவிட்டுத் தாங்கள் நடக்கிறார்கள். ஆபத்தில் சிக்குவது பெரும்பாலும் தன்னை நிரூபிக்கத் துடிக்கும் இளைஞர்தான்.

தலையில் அடிபட்டால் ஆடலாமா என்று இப்போது வீரரிடம் கேட்பதில்லை. மருத்துவர் முடிவெடுக்கிறார், அதற்கென்று தனி மாற்று வீரரை இறக்கவும் 2024 முதல் ஆட்ட விதிகளில் இடம் இருக்கிறது. காய்ச்சலுக்கும் அதே ஏற்பாடு வேண்டும்: ஆட்ட நாள் காலையில் வெப்பநிலை 38ஐத் தாண்டியவர் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது, பட்டியலில் மருத்துவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும், நோயால் ஆள் குறைந்த கிளப்பைப் புள்ளி பறித்துத் தண்டிக்கக் கூடாது.

நீங்கள் ஆடலாமா என்று கேட்டீர்கள். மூக்கு ஒழுகல், தும்மல் போன்றவை கழுத்துக்கு மேலேயே நின்றால் மெதுவாக ஆடிப் பார்க்கலாம். காய்ச்சல், உடல் வலி, நெஞ்சுச் சளி, வயிற்றுப்போக்கு இவற்றில் எது இருந்தாலும் வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகும் சில நாள் பொறுத்து, நடையிலிருந்து படிப்படியாகத் தொடங்குங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஒதுக்கி உட்காரவைத்தால் வாய்ப்பு போய்விடும் என்று பயப்படுகிறவர்களிடம் கனடா வீரர் அல்போன்சோ டேவிஸைப் பற்றிச் சொல்வேன். 2022 ஜனவரியில், கொரோனாவுக்குப் பிறகு நடந்த பரிசோதனையில் அவருக்கு லேசான இதயத் தசை அழற்சி இருப்பது தெரிந்தது. அவருடைய கிளப்பான பயர்ன் மியூனிக் அவரை உடனே நிறுத்திவைத்தது. கனடா 36 ஆண்டுகளுக்குப் பிறகு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற அந்த முக்கியமான ஆட்டங்களில் அவர் இல்லை. ஏப்ரலில் களத்துக்குத் திரும்பினார். அதே ஆண்டு நவம்பர் 27இல், குரோஷியாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில், ஆடவர் உலகக் கோப்பையில் கனடாவின் முதல் கோலை அவர்தான் தலையால் முட்டிப் போட்டார்.