வரலாறு பிடித்த மகளும் சட்டப் படிப்பும்

ஐயா,

பிளஸ் டூ முடித்த மகள் எந்நேரமும் இங்கிலாந்தின் பழைய பதிப்புரிமைச் சட்டங்களையே படித்துக்கொண்டிருக்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். சட்டப் படிப்போடு சேர்ந்தால் நிச்சயம் போடும். தயவுசெய்து அவளைத் தடுக்காதீர்கள்.

அவள் படிப்பது இதுதான். 1557-இல் அரசி மேரி, லண்டன் அச்சுத் தொழிலாளர், புத்தக வியாபாரிகளின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். சங்கப் பதிவேட்டில் யார் பெயரில் நூல் ஏறியதோ, அச்சிடும் உரிமை அவருக்கு. எழுதியவருக்கு அதில் இடமில்லை. 1695-இல் இந்த ஆதிக்கத்துக்குத் துணையாக இருந்த அச்சு உரிமச் சட்டம் காலாவதியானதும் வியாபாரிகள் நாடாளுமன்றத்தை நாடினார்கள். 1710-இல் அரசி ஆன் காலத்துச் சட்டம் வந்தது. உரிமை முதலில் ஆசிரியருக்கு என்றது. புது நூலுக்கு 14 ஆண்டு, அதன் பிறகும் ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14. ஏற்கெனவே அச்சான நூல்களுக்கு 21.

கெடு முடிந்த பிறகும் உரிமை என்றென்றைக்கும் தங்களுடையதே என்று லண்டன் வியாபாரிகள் வாதாடினார்கள். 1769-இல் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் அதை ஏற்கவும் செய்தது. எடின்பரோ புத்தக வியாபாரி அலெக்சாண்டர் டொனால்ட்சன் விடவில்லை. ஜேம்ஸ் தாம்சனின் ‘தி சீசன்ஸ்’ கவிதை நூலை அச்சிட்டு விற்றார், தடை வந்தபோது, அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைவரை போனார். 1774-இல் ஜெயித்தார். சட்டம் சொன்ன கெடு தீர்ந்த நூலை யாரும் அச்சிடலாம் என்பது அன்று உறுதியானது. மலிவு விலையில் நல்ல நூல் கிடைக்க வழிவிட்ட தீர்ப்பு என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

நம் நாட்டின் 1914 பதிப்புரிமைச் சட்டம் பிரிட்டனின் 1911 சட்டத்தைத் தழுவியதுதான். இன்றைய 1957 சட்டத்தில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு. பதிப்பகம், இசை நிறுவனம், ஓடிடி எங்கே போனாலும் உரிமை யாருடையது, எதுவரை என்பதே வக்கீலிடம் வரும் கேள்வி. அந்தக் கேள்வி பிறந்த இடத்தை உங்கள் மகள் இப்போதே படிக்கிறாள்.

இப்போதே 5 ஆண்டு சட்டப் படிப்பில் சேரலாம். பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் (CLAT) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பி.ஏ. வரலாறு முடித்து 3 ஆண்டுப் படிப்புக்குப் போவதும் நல்ல வழிதான், அவசரமில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை (பேடன்ட்) முகவர் தேர்வுக்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கேட்பார்கள், அந்தக் கதவு இவளுக்குத் திறக்காது. பதிப்புரிமைக்கு அந்த நிபந்தனை இல்லை. கல்லூரி தேர்வு செய்யும்போது பதிப்புரிமையும் காப்புரிமையும் அடங்கிய அறிவுசார் சொத்துரிமைப் பாடம் எந்த ஆண்டில் வருகிறது, யார் நடத்துகிறார்கள் என்று நேரில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.