வளரும் இடத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் வாடகையே கடனை அடைக்குமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன் கிடைக்கும், வேகமாக வளர்ந்துவரும் இடமாகப் பார்த்து ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டால் வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்கிறார்கள், நம்பலாமா?

அப்படிச் சொன்னவர் யார் என்று முதலில் பாருங்கள். வீட்டை விற்பவரோ விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்குபவரோ என்றால் ஒரு வாரம் எங்கும் கையெழுத்துப் போடாதீர்கள். நான் இப்படி இரண்டு வீடு வாங்கியவன். ஒன்று இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது, இன்னொன்றுக்கு ஆறு வருடம் நான் சோறு போட்டேன்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். வீட்டு விலை 100 என்று வைத்துக்கொள்வோம், வருட வாடகை 6. விளம்பரத்தில் "6 சதவீத வருமானம்" என்று போடுவார்கள். ஆனால் நீங்கள் 100-க்கு வாங்குவதில்லை. பத்திரச் செலவு, தரகு, பெயிண்ட், சின்னச் சின்ன வேலை எல்லாம் சேர்ந்து 108 ஆகியிருக்கும். அப்புறம் வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று வையுங்கள், 6 உடனே 5.5 ஆகிவிடும். பழுதுபார்ப்புக்கு வீட்டு விலையில் 1 சதவீதம் ஒதுக்குங்கள். முதல் வருடம் செலவே இருக்காது, நாலாவது வருடம் குழாய், மோட்டார், ஒழுகும் கூரை என்று வட்டியோடு வந்து நிற்கும். ஆக 4.5. வரி, காப்பீடு, குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு அரை போனால் 4. வெளியூரில் இருந்துகொண்டு பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் இன்னொரு அரை. கடைசியில் கையில் நிற்பது 3.5, அதுவும் 108 போட்டதற்கு, அதாவது சுமார் 3.2 சதவீதம். இப்போது 70-ஐ 7 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் வட்டி மட்டுமே 4.9. அசலை இன்னும் தொடவே இல்லை. வாடகை கடனை அடைக்கவில்லை, உங்கள் சம்பளம்தான் அடைக்கிறது, வாடகை கொஞ்சம் தோள் கொடுக்கிறது, அவ்வளவுதான். வாடகை வருமானத்துக்கு வருமான வரி தனி, அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இதைச் சொன்னால் "விலை ஏறுமே" என்பார்கள். ஏறலாம். ஆனால் அப்போது நீங்கள் செய்வது வாடகைத் தொழில் இல்லை, விலை ஏறும் என்ற பந்தயம். பந்தயம் கட்டுவதில் தப்பில்லை, பந்தயம் என்று தெரிந்து கட்ட வேண்டும். ஜப்பானில் நிலத்தின் விலை இறங்கவே இறங்காது என்றுதான் 1980-களில் எல்லாரும் நம்பினார்கள், 1991 வாக்கில் உடைந்த அந்த விலை பத்து வருடத்துக்கு மேல் இறங்கிக்கொண்டே இருந்தது.

எனக்குச் சறுக்கியது இரண்டாவது வீட்டில். புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பகுதி, பக்கத்திலேயே ரயில் நிலையம் வரப்போகிறது என்றார்கள், பில்டர் இரண்டு வருடத்துக்கு வாடகை உத்தரவாதமும் கொடுத்தார். அந்த உத்தரவாதத்தைப் பார்த்து மயங்கியதுதான் என் முதல் தப்பு, ஏனென்றால் அந்த வாடகைப் பணம் ஏற்கெனவே வீட்டு விலையில் ஏற்றப்பட்டிருந்தது, என் காசையே எனக்கு மாதாமாதம் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் முடிந்த மாதம் என்னைப் போல அந்தக் கட்டடத்தில் வாங்கிப்போட்ட அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஆள் தேட ஆரம்பித்தோம். எல்லாம் ஒரே அளவு, ஒரே வரைபடம், ஒரே சமையலறை. யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கு ஆள் கிடைத்தது. எனக்கு நாலு மாதம் கிடைக்கவில்லை. ரயில் நிலையம் ஒருவழியாக வந்தபோது வீட்டை விற்று முடித்திருந்தேன் (அந்தப் பக்கம் போனால் இன்னும் கொஞ்சம் வயிறு எரியும்).

அதிலிருந்து எந்த "வளரும் சந்தை" பற்றி யார் பேசினாலும் நான் கேட்பது ஒன்றுதான். இங்கே மாதாமாதம் வாடகை கொடுக்கப்போவது யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? கிரேன்களையும் அறிவிப்புப் பலகைகளையும் எண்ணுவதில் பயனில்லை. சீனாவின் ஓர்டோஸ் பக்கம் காங்பாஷி என்ற புதிய நகரைக் கட்டினார்கள், நிலக்கரிப் பணம் கொட்டிய காலம். அங்கே ஃபிளாட்கள் விற்காமல் கிடக்கவில்லை, பெரும்பாலும் விற்றுத் தீர்ந்தன, வாங்கியவர்கள் முதலீட்டாளர்கள், குடியிருக்கத்தான் ஆள் இல்லை. விற்பனை சூடாக இருப்பதும் வாடகைக்கு ஆள் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, ஆள் இருந்தால் போதுமா? அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் வில்லிஸ்டன் என்ற சின்ன ஊர். ஷேல் எண்ணெய் (பாறை அடுக்கை உடைத்து எடுக்கும் எண்ணெய்) கிடைத்ததும் வேலையாட்கள் குவிந்தார்கள், 2014-இல் ஒரு படுக்கையறை வீட்டு வாடகை நியூயார்க்கைத் தாண்டியது என்று செய்தி வந்தது. அந்த வருட நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30-க்குக் கீழே போனது. எண்ணெய்க் கிணறு வேலைக்கு வந்தவர்கள் கிளம்பினார்கள், அவர்களை நம்பிக் கட்டிய வீடுகள் காலியாகி வாடகை சரிந்தது. ஒரே தொழில், ஒரே ஆலை, ஒரே கல்லூரி என்று நிற்கும் ஊரில் வாடகை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் எனக்குப் பயம்தான். மருத்துவமனை, அரசு அலுவலகம், கல்லூரி, இரண்டு மூன்று வகைத் தொழில் என்று கலந்திருக்கும், பெரிதாகப் பேசப்படாத ஊர் பரவாயில்லை. என்னுடைய முதல் வீடு அப்படிப்பட்ட ஊரில்தான் இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்ல சுவாரசியமாக எதுவுமே இல்லை.

வாங்குவதற்கு முன் நான் இப்போது செய்வது: வாங்குபவராக இல்லாமல் வாடகைக்கு வருபவராக அந்தப் பகுதியில் நாலைந்து பேருக்குப் போன் செய்வேன். எவ்வளவு கேட்கிறார்கள், பேரம் பேசினால் எவ்வளவு இறங்குகிறார்கள், எத்தனை நாளாகக் காலி, எல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இணையத்தில் வாடகை விளம்பரங்களைக் குறித்துவைத்து மூன்று வாரம் கழித்துப் பார்ப்பேன், அதே விளம்பரம் அப்படியே இருந்தால் அங்கே வாடகை என்று போட்டிருப்பது வெறும் ஆசை. மாலை ஏழு மணிக்குப் போய் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதை அன்றைக்கே செய்திருந்தால் இரண்டாவது வீட்டை வாங்கியிருக்க மாட்டேன். பத்திரம், வில்லங்கம் பார்ப்பதற்கு நீங்களே காசு கொடுத்து வைத்த வக்கீலிடம் போங்கள், பில்டர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம்.

வெளிநாட்டில் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னும் இரண்டு மடங்கு எச்சரிக்கை. தாய்லாந்தில் ஒரு காண்டோமினியத்தில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், ஃபிளாட்களின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். இந்தோனேசியாவில் வெளிநாட்டவருக்கு நிலத்தின் முழு உரிமை கிடையாது, உள்ளூர் ஆள் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த நிலம் சட்டப்படி அந்த ஆளுடையது என்று புரிந்துகொள்ளுங்கள். விதிகளும் திடீரென்று மாறும். சிங்கப்பூர் 2023 ஏப்ரலில் வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கான கூடுதல் முத்திரை வரியை 30-இலிருந்து 60 சதவீதமாக்கியது, அறிவித்த மறுநாளே அமல்.

துருக்கியைப் பாருங்கள். பணவீக்கத்துக்கு வீடுதான் கவசம் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். அங்கே 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தொட்டது, ஆனால் குடியிருக்கும் வாடகைதாரரின் வாடகையை வருடத்துக்கு 25 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2022 ஜூனிலிருந்து 2024 ஜூலை வரை அரசு கட்டுப்பாடு வைத்திருந்தது. இதற்கு நடுவில் பணத்தின் மதிப்பு வேறு: 2013 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 2 லிரா கூட இல்லை, 2023 முடிவில் 29-க்கு மேல். லிராவில் வாடகை வாங்கி வேறு பணத்தில் கடன் கட்டிக்கொண்டிருந்தவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

வாடகைக்கு வருபவர் பற்றி ஒன்றே ஒன்று. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் போவது வருட வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல். ஒழுங்காகப் பணம் கொடுக்கும் ஆளிடம் 5 சதவீதம் கூடக் கேட்டு அவர் கிளம்பிவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். நான் கொஞ்சம் குறைத்தே விடுகிறேன், ஆனால் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, உள்ளே வரும் நாளில் சுவர், குழாய், ஸ்விட்ச் வரை போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்கிறோம்.

கடன் எடுப்பதென்றால் ஆறு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு எடுங்கள். அவசரத்துக்கு வீட்டில் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது. இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம், கட்டட வாடகையில் பங்கு மட்டும் போதும் என்றால் ரீட் (REIT) இருக்கிறது, பலரின் பணத்தில் கட்டடங்களை வைத்து வாடகையைப் பங்கிட்டுக் கொடுக்கும், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட அமைப்பு, 1960-இல் அமெரிக்காவில் தொடங்கியது, அங்கே வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். விலை பங்குச் சந்தையோடு ஏறி இறங்கும், ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

அந்த இரண்டாவது வீட்டை வாங்க எட்டு மாதம் எந்த முதலீட்டாளரும் வரவில்லை. கடைசியில் அதில் வாடகைக்கு இருந்தவரே வாங்கிக்கொண்டார், நான் போட்டதைவிடக் குறைவான விலைக்கு. பள்ளி பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது என்றார்.