முதல் பட்டதாரியின் தங்கை

கேள்வி: நாங்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் இருந்தவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். அப்பா இல்லை. நான் 2020இல் இன்ஜினியரிங் முடித்து, அந்த வருடமே ஓ.எம்.ஆரில் வேலைக்குச் சேர்ந்தேன். தங்கை சைதாப்பேட்டையில் பழைய உதவிபெறும் பள்ளிக்கே தினமும் பஸ்ஸில் போய்வந்து, 2022இல் ப்ளஸ் டூ முடித்தாள். (முதல் பட்டதாரிச் சலுகையை நான் வாங்கிவிட்டதால் அவளுக்கு அது கிடைக்கவில்லை. அதனால் கலைக் கல்லூரியில் சேர்த்துவிட்டோம்.) பி.ஏ. வரலாறு முடித்தவள், இப்போது ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சமூகவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது, போயே தீருவேன் என்கிறாள். அந்தப் படிப்பால் என்ன பயன்? அங்கே போனால் அரசியல் பேசிக் கெட்டுப்போவாள் என்று பயமாக இருக்கிறது. ஒரகடத்தில் வேலை பார்க்கும் நல்ல வரன் வந்திருக்கிறது. அவளுக்குப் புரியும்படி எப்படி எடுத்துச் சொல்வது?
பெயர் வேண்டாம், பெரும்பாக்கம்.

பதில்:

தம்பி,

கல்லூரி சேர்க்கை நேரத்தில் இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வருடா வருடம் வருகிறது. ஊர் மாறும், படிப்பு மாறும், கேள்வி மாறாது. ஆனால் நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுத் தாண்டிப் போன இரண்டு வரியை இதுவரை யாரும் எழுதியதில்லை. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். கவுன்சிலிங்கில் அதைக் காட்டினால் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்ளும். நீங்கள் மூத்தவர், உங்கள் முறை முதலில் வந்தது, வாங்கினீர்கள். சரி, அதில் ஒரு தப்பும் இல்லை. அடுத்த வரியை "அதனால்" என்று தொடங்கியிருக்கிறீர்களே, அந்த "அதனால்"தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் ப்ளஸ் டூ முடித்தபோது நீங்கள் இரண்டு வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தீர்கள். சலுகை இல்லை என்று தெரிந்த அன்றைக்கு, "பரவாயில்லை, நான் கட்டுகிறேன்" என்று அவளிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்கள். கலைக் கல்லூரியை நான் குறைத்துச் சொல்லவில்லை, என்னைப் போன்ற எத்தனையோ பேரை வளர்த்தது அதுதான். ஆனால் அவள் என்ன படிக்க ஆசைப்பட்டாள் என்பதற்கு உங்கள் கடிதத்தில் அரை வரிகூட இல்லை.

அரசு ஏன் ஒருவரோடு நிறுத்திக்கொள்கிறது? ஒரு வீட்டில் ஒருவர் மேலே வந்துவிட்டால் அடுத்தவரை அவர் கைதூக்கிவிடுவார் என்ற கணக்குதான் என்று நினைக்கிறேன். அரசு தன் கையை எடுத்தது உங்கள் கையை நம்பித்தான், தம்பி. அந்த விதியே எனக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் முதலில் கல்லூரிக்குப் போகிறவன் மூத்த பையன். பெண்ணின் முறை வரும்போது அது பட்டதாரி இருக்கும் வீடாகிவிடுகிறது, சலுகை போய்விடுகிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021இலிருந்து பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அவர்கள் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. உங்கள் தங்கை படித்தது உதவிபெறும் பள்ளி, அதனால் அந்தக் கதவும் திறக்கவில்லை. இரண்டு கதவும் மூடிய பிறகு அவளுக்கு மிச்சம் இருந்தது அண்ணன் ஒருவர்தான்.

அரசியல் பேசிக் கெட்டுப்போவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் வாங்கிய சலுகை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? 1921இல் நீதிக்கட்சி ஆட்சியில், அரசு வேலையில் எல்லா வகுப்பாருக்கும் பங்கு கொடுக்கும் வகுப்புவாரி ஆணை வந்தது. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுப்பது செல்லாது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இங்கே பெரிய கிளர்ச்சி நடந்தது, அந்த வருடமே அரசியல் சாசனத்தைத் திருத்தினார்கள். பொறியியல் நுழைவுத்தேர்வை 2006இல் சட்டம் போட்டு நீக்கினார்கள். அதனால்தான் நீங்கள் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டாமல், ப்ளஸ் டூ மார்க்கோடு கவுன்சிலிங்குக்குப் போக முடிந்தது. முதல் பட்டதாரிச் சலுகை 2010இல் வந்தது. இதில் எது அரசியல் இல்லாமல் வந்தது? யார் யாரோ தெருவில் இறங்கிப் பேசியதில் நீங்கள் இன்ஜினியர் ஆகியிருக்கிறீர்கள். உங்கள் தங்கை பேசினால் மட்டும் கெட்டுப்போய்விடுவாளா?

சமூகவியலால் என்ன பயன் என்று கேட்கிறீர்கள். ஆற்றங்கரையில் இருந்தவர்களை மட்டும் நகரம் ஏன் ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டுபோய் வைக்கிறது, போன இடத்தில் வீட்டு வேலை பார்த்த பெண்களுக்கு ஏன் பிழைப்பு போகிறது, வேலைக்கு விண்ணப்பிக்கிற பையன் ஏன் பெரும்பாக்கம் என்று எழுதத் தயங்கி வேறு முகவரி கொடுக்கிறான் என்று கேட்கிற படிப்பு அது. ஆறாம் வகுப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் சைதாப்பேட்டைக்கும் பெரும்பாக்கத்துக்கும் போய்வந்த பெண் அதைப் படிக்காமல் வேறு யார் படிப்பார்கள்? அப்புறம், வருமானம் என்ன என்பீர்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி வாங்கினால் ஆராய்ச்சி செய்ய மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் போகலாம், ஐ.ஏ.எஸ். மெயின் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம்.

நான் கல்யாணத்துக்கு எதிரி இல்லை. குடும்பம் என்றால் கடமைதான் என்று நம்புகிறவள். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அப்பா ஸ்தானம் என்று சொல்வார்கள், நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளைத் தடுக்கிறபோது மட்டும் அந்த இடத்தில் போய் உட்காராதீர்கள். ஃபீஸ் கட்டுகிறபோதும் அது உங்கள் இடம்தான்.

வரன் வீட்டாரிடம் நீங்களே போய், படித்து முடிக்க இரண்டு வருடம் ஆகும் என்று சொல்லுங்கள். காத்திருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. அந்தப் பேச்சை அம்மா தலையில் கட்டாதீர்கள். மத்தியப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் தனியார் கல்லூரி மாதிரி இருக்காது. மெஸ் பணமும் கைச்செலவும்தான் மாதாமாதம் வரும். சம்பளம் வந்த அன்றைக்கே அவள் கணக்கில் போட்டுவிடுங்கள், அவள் ஃபோன் செய்து கேட்கும்படி வைக்காதீர்கள். சாயங்காலம் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹைதராபாத். முதல் தடவை லீவு போட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள். ஹாஸ்டலையும் வகுப்பையும் கண்ணால் பார்த்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும்.

ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி எது என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. உங்களுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். இன்றைக்கு ராத்திரியே அவளிடம் கேளுங்கள்.