ரொபோ மூலம் புரொஸ்டேட் எடுத்தவருக்குப் பத்து வருடத்தில் என்ன நடக்கும்?

அப்பாவுக்கு 66 வயது, புரொஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய்க்குச் சென்னையில் ரொபோ சத்திரசிகிச்சை முடித்து வெள்ளவத்தைக்குத் திரும்பியிருக்கிறார், ரொபோவில் செய்ததால் இனி வராதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படிச் சொல்ல முடியாது. இரத்தம் குறைவாகப் போகும், காயம் சின்னது, கெதியாக வீட்டுக்கு வரலாம். ரொபோவின் உறுதியான லாபம் அவ்வளவுதான். பிரிஸ்பேனில் 326 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ரொபோவிலும் மற்றப் பகுதிக்கு வயிற்றைத் திறந்தும் செய்தார்கள். இரண்டு வருட முடிவுகள் 2018இல் வெளிவந்தன. சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்தியத்திலும் இரு பகுதிக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

நோய் திரும்புமா என்பதை அறியப் பார்க்க வேண்டியது பதொலொஜி ரிப்போர்ட், அதாவது வெட்டி எடுத்ததை லேபில் பரிசோதித்த அறிக்கை. டிஸ்சார்ஜ் காகிதம் மட்டும் கையில் இருந்தால் இதையும் உடனே கேட்டு எடுங்கள். நாலு விஷயம் பாருங்கள்: கிளீசன் (புற்று எவ்வளவு மூர்க்கமானது என்று காட்டும் புள்ளி) 3+4ஆ 4+3ஆ (கூட்டினால் இரண்டும் 7தான், ஆனால் பின்னது கூடாதது), வெட்டிய ஓரத்தில் புற்று இருக்கிறதா, பிடி2ஆ (சுரப்பிக்குள்ளேயே இருந்தது) பிடி3ஆ (வெளியே பரவியது), நிணநீர்க் கணு எடுத்திருந்தால் அதில் ஏதும் உண்டா. "எல்லாம் கிளீனா எடுத்தாச்சு" என்ற வாய்ச்சொல் இதற்கு ஈடாகாது.

டெட்ரொயிட்டில் ரொபோவின் தொடக்க வருடங்களில் செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்தபோது, பத்து வருடத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பேருக்கு பிஎஸ்ஏ (புரொஸ்டேட் சுரக்கும் புரதம், இரத்தத்தில் அளப்பது) திரும்ப ஏறவில்லை. ஏறியவர்கள் எல்லாரும் அதனால் இறக்கவுமில்லை. இந்த நோயால் போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. பிஎஸ்ஏ ஏறியதும் வீட்டில் ஒப்பாரி வைக்கத் தேவையில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சத்திரசிகிச்சை முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பிஎஸ்ஏ 0.1க்குக் கீழே இறங்கிவிட வேண்டும். பிறகு 3, 6, 12ஆம் மாதங்களில், மூன்று வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை. ஐந்து வருடம் தாண்டிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், பிந்தியும் ஏறுவதுண்டு. ஒரே லேபில் எடுப்பது முக்கியம். இன்றைக்கு வீட்டுக்குப் பக்கத்தில், அடுத்தமுறை கிளினிக் போகும் வழியில் மஹரகமவில் என்று மாற்றினால் கருவிக்குக் கருவி இலக்கம் ஆடும், 0.05, 0.09 ஆனதற்கெல்லாம் நித்திரை கெடும். அடுத்தடுத்து இருமுறை 0.2 அல்லது மேலே வந்தால்தான் திரும்பிவிட்டது என்று கொள்வது. அப்போது கதிர்வீச்சு பற்றிப் பேசத் தாமதிக்கக் கூடாது, 0.5ஐத் தாண்டுமுன் கொடுத்தால்தான் நல்ல பலன். "இன்னும் கொஞ்சம் ஏறட்டும், பிறகு ஸ்கேன் எடுப்போம்" என்று இழுப்பதில்தான் பலர் வாய்ப்பை விடுகிறார்கள்.

இனி சிறுநீர்க் கசிவு. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) எடுத்த முதல் வாரங்களில் பெரும்பாலும் எல்லோருக்கும் கசியும். பிரித்தானியாவின் புரொடெக்ட் ஆய்வில் (அதில் பெரும்பாலும் திறந்த சத்திரசிகிச்சை) ஆறாம் மாதத்தில் நூற்றுக்கு 46 பேர் பாட் (கசிவை உறிஞ்சும் பஞ்சுத் துண்டு) வைத்தார்கள், ஆறு வருடத்தில் 17 பேர். வயது ஏற ஏற இந்த எண்ணிக்கை மறுபடி கூடியது. இடுப்படித் தசைப் பயிற்சியைக் கதீட்டர் எடுத்தபிறகே தொடங்குங்கள்: காற்றுப் போவதை அடக்குவதுபோல் இறுக்கி, ஐந்து முதல் பத்து விநாடி பிடித்து, அதே நேரம் தளர்த்தி, பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. வயிறும் தொடையும் இறுகினால் பிழை, மூச்சைப் பிடித்தாலும் பிழை. இருமுமுன், கதிரையிலிருந்து எழும்புமுன் இறுக்கப் பழகவேண்டும். தண்ணீரைக் குறைக்காதீர்கள், பிளேன் ரீயைக் குறையுங்கள். கொழும்பு வெக்கையில் நனைந்த பாட் தொடையைப் புண்ணாக்கும். அடிக்கடி மாற்றி சிங்க் ஒக்சைட் கிறீம் பூசலாம். ஒரு வருடம் கடந்தும் நாளுக்குப் பல பாட் என்றால் கசிவை நிறுத்தச் சத்திரசிகிச்சையில் வைக்கும் ஸ்லிங் (தாங்கு பட்டி) அல்லது செயற்கை வால்வு பற்றிக் கேளுங்கள்.

தாம்பத்தியம் பற்றி அப்பா உங்களிடம் கேட்கமாட்டார், டொக்டரிடமும் வாய் திறக்கமாட்டார். விறைப்புக்கான இரு பக்க நரம்பும் காப்பாற்றப்பட்டதா என்பது ஒப்பரேஷன் குறிப்பில் இருக்கும். காப்பாற்றினாலும் விறைப்பு மீள இரண்டு வருடம் வரை எடுக்கலாம். விந்து இனி வராது, அது பிழையல்ல. விறைப்புக்குச் சில்டெனாபில் மாத்திரை கொடுப்பதுண்டு. நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் ஜிரிஎன் மருந்து பாவிப்பவர் என்றால் சில்டெனாபிலைத் தொடவே கூடாது, பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும். ஃபார்மசிக்காரர் கேட்காமலே தந்துவிடுவார், ஆகவே இதை நீங்களே அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.

சில மாதம் கழித்துச் சிறுநீர் நூல்போல் மெலிந்தாலோ முக்கிப் போனாலோ, சிறுநீர்ப்பையின் கழுத்தில் தழும்பு இறுகியிருக்கலாம். அடைக்கும்வரை பார்த்திருக்காமல் யூரொலொஜிஸ்டிடம் கூட்டிப்போங்கள். அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், கதீட்டர் போட முன்னமே புரொஸ்டேட் எடுத்தவர் என்று சொல்லுங்கள். பலவந்தமாகத் தள்ளினால் சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க் குழாயையும் பொருத்திய இடம் கிழியும்.