அந்த ஒரு வாக்கியத்தை நானும் வெட்டியிருக்கிறேன்

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங் தன் எழுத்தில் உணர்ச்சியைத் தூண்டியது, வாதத்தில் பலம் இல்லாததாலா?

இல்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய அவர் 1963 ஏப்ரலில் அங்குள்ள பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு அது பாடமாக இருக்கலாம். நான் அதைப் பல வருடம் நடத்தியவன். அதனால் கேள்வி கொஞ்சம் சுட்டது.

தனியார் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் கடிதத்தின் நீளத்தைப் பார்த்தே மிரண்டார்கள். சரி, முக்கியமான பகுதிகளைத் தமிழில் எழுதிக் கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். மூத்த ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, "அந்த அழுகைப் பகுதியை எடுத்துடுங்க, வாதம் மட்டும் போதும்" என்றார். எடுத்துவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

நான் வெட்டியது ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் 300 சொற்களைத் தாண்டும். எந்த விடுதியும் இடம் தராமல் காருக்குள் முடங்கிப் படுக்க நேரும்போது, மனைவிக்கும் அம்மாவுக்கும் 'திருமதி' என்ற மரியாதைகூடக் கிடைக்காதபோது என்று அடுக்கிக்கொண்டே போவார். நடுவே ஆறு வயது மகள் ஒருத்தி. டிவி விளம்பரத்தில் பார்த்த ஃபன்டவுன் கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போகக் கூடாது என்று கேட்கிறாள். கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை என்று சொல்ல நாக்கு குழறுகிறது, அவள் கண்ணில் நீர் முட்டுகிறது. 'என் மகள்' என்று அவர் எழுதவில்லை, 'உங்கள் மகள்' என்கிறார். போராட்டத்துக்கு 'இது நேரமல்ல, பொறுங்கள்' என்ற எட்டு வெள்ளையின மதகுருமார்களுக்கு எழுதிய பதில் அது. காத்திருப்பது ஏன் கடினம் என்று அப்போது புரியும் என்று சொல்லி வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர்களையும் காக்க வைத்துவிடுகிறார்.

அடுத்த வருடம் திரும்பச் சேர்த்தேன். முதலில் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்தேன், உயிரே இல்லை. அப்புறம் '...போது, ...போது' என்று அடுக்கி, வினைமுற்றைக் கடைசிக்குத் தள்ளினேன். தமிழில் அது தானாக வந்து உட்கார்ந்தது.

உணர்ச்சியைக் கிளப்பிப் பொய்யையும் விற்கலாமே என்பீர்கள். விற்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கடையில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பலகைகளை எடுப்பதாகச் சொன்ன வணிகர்கள் வாக்குத் தவறியதை இதற்கு முன்பே எழுதிவிட்டார். பின்னால் கிறித்தவ இறையியல் அறிஞர்களான அகஸ்டீனையும் அக்வினாஸையும் துணைக்கு வைத்து, நியாயமான சட்டம் எது, அநியாயச் சட்டம் எது என்று பிரிக்கிறார். 'பொறு' என்ற சொல்லை யார் தலையில் கட்டுகிறீர்கள் என்பதற்கு அந்தக் குழந்தைதான் சாட்சி. சாட்சியை எடுத்துவிட்டு வழக்கை எப்படி நடத்துவது?

இன்னொரு ஆதங்கமும் உண்டு. கைடு. கடிதத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் 'பேத்தாஸ் (கேட்பவரின் உணர்ச்சியைத் தொட்டு இணங்க வைக்கும் உத்தி) என்றால் என்ன' என்பதற்கு மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். அப்படிப்பட்ட விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன்.

வகுப்பில் அந்த நீண்ட வாக்கியத்தை வாசித்து முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், அந்தப் பாப்பா கடைசியில பார்க்குக்குப் போச்சா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு தேடினேன். பூங்கா பின்னாளில் சத்தமில்லாமல் தடையை நீக்கியதையும், மகளைத் தானே அங்கே கூட்டிப் போனதையும் 1965-இல் வெளியான ஒரு பேட்டியில் கிங் சொல்லியிருக்கிறார். மறுநாள் வருகைப் பதிவுகூட எடுக்காமல் முதலில் அதைத்தான் சொன்னேன்.