கேட்டதும் சொன்னதும்: சக்கரத்தில் போன வீடு

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாடி வீட்டை அப்படியே வண்டியில் ஏற்றி ரோட்டில் கொண்டுபோகிற வீடியோ பார்த்தேன். எங்கள் தறவாட்டு வீட்டை (பரம்பரைக் குடும்ப வீடு) பாகம் பிரித்து இடிக்கப் போகிறார்கள். உத்தரத்தில் மலையாள ஆண்டுக் கணக்கில் கொல்லம் 1058 என்று செதுக்கியிருக்கும். இதையும் அப்படி நகர்த்த முடியாதா?
- வாசகி, தக்கலை

பதில்: நீங்கள் பார்த்தது 2021 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. அது 1882-ல் கட்டிய விக்டோரியா பாணி வீடு. உங்கள் 1058-ம் அதே 1882-83தான், ஆக ரெண்டுக்கும் ஒரே வயது! அந்த மனையில் 48 குடியிருப்புகள் கட்டத் திட்டம். அதனால் உரிமையாளர் வீட்டை ஆறு தெரு தள்ளிக் கொண்டுபோனார். வேகம் மணிக்கு ஒரு மைல். தொடக்கமே இறக்கம் வேறு. வழியில் பார்க்கிங் மீட்டரைப் பிடுங்கி, மரக்கிளையை வெட்டி, 15-க்கு மேற்பட்ட துறைகளிடம் அனுமதி வாங்கி, சுமார் 4 லட்சம் டாலர் செலவு.

அங்கே சுவரே மரச்சட்டமும் பலகையும்தான், பெட்டி மாதிரி தூக்கிவிடலாம். நம்ம பக்கத்துக் கல் சுவரைத் தூக்கினால் விரிசல் விழும் ஆபத்து அதிகம். ஆனால் மேலே இருக்கிற மரவேலை அப்படியில்லை, உத்தரமும் கழுக்கோலும் (ஓடுகளைத் தாங்கும் சாய்வு மரம்) துளையும் குடுமியுமாகக் கோர்த்து ஆப்பு வைத்தவை, ஆப்பைத் தட்டினால் கழன்றுவரும். சென்னை பக்கம் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போனால், கோட்டயம் புதுப்பள்ளியிலிருந்து இப்படிப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்திய 19-ம் நூற்றாண்டு வீட்டைத் திண்ணையில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

கூரை ஓடுகளை இறக்கும் முன்னாலேயே ஒவ்வொரு மரத்துக்கும் பெயின்டில் நம்பர் போடச் சொல்லுங்கள்: வடக்கு 1, வடக்கு 2 என்று. சாக்பீஸ் வேண்டாம். என் அம்மா வீட்டைப் பிரித்தபோது ஆசாரி சாக்பீஸில்தான் எழுதினார், ஐப்பசி மழை ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. எது எந்த மூலை என்று தெரியாமல் முற்றத்தில் கிடந்த பிலாமரத் தடியெல்லாம் கடைசியில் பழைய மரக்கடைக்குக் கன அடிக் கணக்கில் போனது. அந்தக் கழுக்கோலில் தொட்டில் கயிறு உரசின தடம் இருந்தது, கடைக்காரர் அதைக் குறை என்று சொல்லி விலை குறைத்தார்.

சரி, அந்த அமெரிக்காக்காரர் 15 இடத்தில் கையெழுத்து வாங்கினார். உங்கள் பங்காளிகள் எத்தனை பேர் என்று எழுதவில்லையே?

கேள்வி: விக்டோரியா வீடு என்றால் ராணி தங்கின வீடா?
- வாசகர், குலசேகரம்

பதில்: இல்லை. ராணி ஆண்ட 1837-1901 காலத்துப் பாணிக்கு அந்தப் பேர். அமெரிக்காவை அந்தம்மா ஆளவே இல்லை, பேர் மட்டும் கப்பலேறிப் போயிருக்கிறது.